கிணற்றுக்கும் சுத்துலைற்றுக்கும் இடையில்

இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டிக் காணி விடுபட்ட செய்தி வந்த அன்று மகாதேவி வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சோமசேகரம் அதைக் கண்டும் காணாதவர்போல நின்றார். அந்தப் பொட்டைக் கண்டும் காணாதவர்போல நிற்பதில் அவருக்கு முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் இருந்தது.

மகாதேவி அவருடைய அண்ணன் பிரகலாதனின் மனைவி. பிரகலாதன் தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் பீரங்கிச் செல் விழுந்து செத்துப்போனார். செத்ததைக் கண்டவரும் புதைத்தவரும் சோமசேகரம் ஒருவர்தான். வில்லங்கமே அதில்தான் இருந்தது. கண்டது ஒருவர், நம்பாதது ஒருவர், இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சோறு தின்று வயது போனவர்கள்.

அன்று நடந்தது இதுதான். சண்டை தொடங்கி மயிலிட்டி ஊரே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. மகாதேவி கைக்குழந்தை மதுராவோடு முன்னதாகவே பருத்தித்துறையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணனும் தம்பியும் படகு எஞ்சினைக் கழற்றி எடுக்கத் திரும்பிப் போனார்கள். எஞ்சின் இல்லாமல் எந்த ஊருக்குப் போய் என்ன செய்வது? வீட்டு வளவுக்குள் நுழைந்து, பிரகலாதன் கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தபோது செல் விழுந்தது. சோமசேகரம் கொட்டிலுக்குள் நின்றதால் தப்பினார்.

சுடலைக்குத் தூக்க ஆள் இல்லை. விறகு அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த செல் வந்துவிடும். கட்டையில் வைக்க வேண்டிய சைவக்காரனை மண்ணுக்குள் வைக்கிறேனே என்று அழுதுகொண்டே சோமசேகரம் மண்வெட்டியை எடுத்தார். போர்த்துவதற்குத் துணி அகப்படவில்லை. கொட்டிலில் கிடந்த பச்சை நைலோன் வலையால் அண்ணனைச் சுற்றினார். வலை சுற்றினால் நாய் கிளறாது என்று அந்த நேரத்திலும் புத்தி ஒரு பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

பிறகு கடலில் செய்வதைத் தரையிலும் செய்தார். கடலில் ஒரு நல்ல இடம் கண்டால் அங்கே கட்டை நட்டு வைக்க முடியாது. கரையில் அசையாமல் நிற்கிற இரண்டு பொருளைப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்று வருகிற கோட்டை மனத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மறுபடி அந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகிற கோட்டில் ஓடினால் இடம் கிடைக்கும். சோமசேகரம் கிணற்றுக் கட்டோடு நின்று தெற்கே பார்த்தார். பனைகளுக்கு மேலே பலாலி விமானத்தளத்துச் சுத்துலைற் தெரிந்தது. துலாக்கயிற்றை அவிழ்த்து நேரே இழுத்துப் பார்த்தார். கிணற்றிலிருந்து சுத்துலைற்றை நோக்கி ஒரு கயிற்று நீளம் நடந்தால் அண்ணன். மரம் பட்டுப்போகும், வேலி போகும், வீடும் இடியும். கிணறும் சுத்துலைற்றும் எங்கே போய்விடப் போகின்றன?

அந்தச் சுத்துலைற் வெள்ளைக்காரன் தன் சண்டைக்காலத்தில் ஆகாயக் கப்பல்களுக்கு வழிகாட்ட நட்ட இரும்புக் கோபுரம். உச்சியில் பெரிய கண்ணாடி விளக்கு. சுற்றிச் சுற்றி ஒருமுறை வெள்ளையும் ஒருமுறை பச்சையும் அடிக்கும். அதைப் பார்த்து இறங்கிய பிளேன்களைவிட, அதைப் பார்த்துக் கரைசேர்ந்த மயிலிட்டிப் படகுகள்தான் அதிகம். கடலில் நிற்கும்போது கரையோரத்து வைரவர் கோயிலும் அதற்குப் பின்னால் சுத்துலைற்றும் ஒன்றாய் வந்தால் வீட்டுக்கு நேரே நிற்கிறோம் என்று அர்த்தம். சம்பளம் வாங்காத வேலைக்காரன்போல அது இரண்டு தலைமுறைக்கு உழைத்தது.

எஞ்சினும் இல்லாமல் அண்ணனும் இல்லாமல் சோமசேகரம் பருத்தித்துறைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தபோது மகாதேவி படலையில் நின்றாள்.

"அவர் எங்கை?"

"அண்ணை மோசம் போயிட்டார், அண்ணி."

"மோதிரம்?"

"எடுக்கேல்லை."

"உடுத்திருந்த சாரத்திலை ஒரு கிழிசலாவது கொண்டந்தியோ?"

"இல்லை."

"அப்ப நான் என்னத்தைப் பாத்து நம்புறது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நாளில் யாரோ ஒருவர், பிரகலாதனைப்போல ஒரு ஆளை இந்தியாவில் மண்டபம் முகாமில் கண்டதாகச் சொல்லித் தொலைத்தார். சொன்னவர் மறந்திருப்பார். மகாதேவி மறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செய்ய வேண்டிய அந்தியேட்டி நடக்கவில்லை. திவசம் ஒன்றும் நடக்கவில்லை. மதுரா வளர்ந்து ஆசிரியையாகிக் கல்யாணம் பேசி வந்தபோது, அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று அச்சகத்துப் பெடியன் கேட்டான்.

"என்ரை மனிசன் காலஞ்சென்றதை ஆர் கண்டது?" என்றாள் மகாதேவி.

கண்டவர் பக்கத்திலேயே நின்றார். மேசையில் கிடந்த மாதிரி அழைப்பிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'திரு. பிரகலாதன்' என்றே அச்சாகியது. கல்யாண வீட்டில் மகாதேவி பொட்டும் பூவுமாக முன்வரிசையில் நின்று ஆலாத்தித் தட்டுத் தூக்கினாள். பின்வரிசையில் குசுகுசுத்தவர்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

சோமசேகரம் கல்யாணம் கட்டவில்லை. அண்ணியையும் பிள்ளையையும் பார்க்க வேண்டியிருந்தது என்பார்கள். அதுவும் உண்மைதான். கீரிமலைக்குப் போகப் பாதை திறந்த பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அங்கே போய்த் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வேறு யாருக்காவது உண்டா என்று ஐயர் கேட்பார். அண்ணனின் பெயர் நாக்கு நுனிவரை வரும். அண்ணி இன்னும் பொட்டோடு இருக்கிறாவே என்று நினைத்து, இல்லை ஐயா என்று விடுவார். அந்த இல்லையைச் சொல்லிவிட்டுக் கடலில் முழுகும்போது உடம்பெல்லாம் கூசும்.

அதனால்தான் காணி விடுபட்டதும் அவர் ஆறப்போடவில்லை. வளவு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வீட்டை அத்திவாரத்தோடு தள்ளி மட்டம் பண்ணியிருந்தார்கள். எங்கும் இப்பிலிப்பில் பற்றை. கத்தியோடு உள்ளே இறங்கி வெட்டிக்கொண்டு போய், கல்லும் குப்பையும் கொட்டித் தூர்த்திருந்த கிணற்றின் கட்டைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்டில் ஏறி நின்று தெற்கே பார்த்தார். புதிய கம்பிவேலிக்கு அப்பால், கடலுக்குப் போகும்போது தூரத்தில் கண்டுவந்த அதே சுத்துலைற் நின்றது. சிவப்பும் வெள்ளையுமாகப் புதுப்பூச்சு. சென்னைப் பிளேன் வரத் தொடங்கியபோது ஓடுபாதைக்குப் புது விளக்குகள் போட்டிருந்தார்கள். பழைய கோபுரத்தைப் பழம்பொருள் என்று யாரோ இரக்கப்பட்டு வைத்து, பொழுதுபட்டதும் எரியவும் விட்டிருந்தார்கள். சோமசேகரம் கிணற்றுக் கட்டிலேயே குந்திக்கொண்டு அழுதார். ஒரு ஆளாவது சொன்ன இடத்தில் நிற்கிறானே என்று இருந்தது.

பொலிசு, நீதிமன்றம் என்று போனால் எலும்பு பெட்டிக்குள் ஊரூராய் அலையும் என்று பயந்து யாருக்கும் சொல்லவில்லை. ஒரு காலைப்பொழுது மகாதேவியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். கிணற்றிலிருந்து லைற்றைப் பார்த்து, பழைய துலாக்கயிற்றின் அளவுக்குக் கயிறு பிடித்தார். கயிறு முடிந்த இடத்தில் வெட்டினார். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம். பிறகு இரண்டு பக்கமும் அகலித்தார். செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் வந்தன. பச்சை நூல் ஒன்றுகூட வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாப்பம்," என்றார்.

மகாதேவி எழுந்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள். தன்னுடைய அறுபத்தெட்டு வயதுக்குள் அவர் அந்த முகத்தை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. வெய்யிலில் நின்ற மனுசிக்கு உள்ளே இருந்து ஒரு குளிர்ச்சி பரவினதுபோல இருந்தது.

"வெட்டினது காணும் தம்பி. வெளியிலை வா. அங்கை ஒருத்தரும் இல்லை," என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ பொய் சொன்னனி எண்டு நான் சொல்லேல்லை. நீ பயந்துபோனாய். ஆரையோ எவரையோ கண்டிருப்பாய்."

அன்றையிலிருந்து மகாதேவி வேறு ஆளாகிவிட்டாள். அரசாங்க வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தாள். பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து, பற்றை வெட்டிய வளவில் நின்று, மேசனுக்கு அறை அறையாகக் கை காட்டினாள். சாப்பாடு செமித்தது, தலைக்கு எண்ணெய் வைத்தாள். "அம்மா குசினிக்கை நிண்டு பாட்டுப் படிக்கிறா, சித்தப்பா. நான் பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்று தாயைப் பார்க்க வந்திருந்த மதுரா, தொழிலுக்குப் போயிருந்தவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். சொன்னவள் அழுதாளா சிரித்தாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

சோமசேகரத்துக்கு நித்திரை போய்விட்டது. வெறும் குழி அவரைத் தின்றது. முதலில், புல்டோசர் வாரிக்கொண்டு போயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனால் வெட்டின இடத்தில் ஆழமாய்ப் புல்டோசர் வாரின அடையாளம் இல்லை. மண்ணைத் தெரிந்தவருக்கு அது தெரியும். அப்படியென்றால் என்ன? ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது அந்த எண்ணம் வந்தது. அண்ணைக்கு மூச்சு இருந்ததோ? பயத்தில் நாடியைச் சரியாகப் பார்க்காமல் மூடிவிட்டேனோ? மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பி, இந்தப் பாழ்பட்ட தம்பியின் முகத்தில் முழிக்கக்கூடாது என்று அண்ணை எங்கேயோ போய்விட்டாரோ? கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாதி முகம் சவர்க்கார நுரையோடு இருந்தார். அண்ணியின் சந்தோசத்துக்கும் தன்னுடைய பயத்துக்கும் ஒரே குழிதான் காரணம் என்பதை நினைக்க அவருக்குச் சிரிப்பும் வந்தது.

கடல்தான் கணக்கைத் தீர்த்துவைத்தது.

மயிலிட்டித் துறைமுகம் திறந்த காலத்திலிருந்தே சோமசேகரம் அங்கே போய்த் தொழில் செய்துவந்தார். அண்ணனும் தம்பியும் இளமையில் கண்டுபிடித்த ஒரு பார் உண்டு. பார் என்றால் கடலடியில் கல்லுத்திட்டு. கலவாயும் விளைமீனும் அங்கே குடியிருக்கும். வைரவர் கோயிலும் சுத்துலைற்றும் ஒன்றாய் வருகிற கோட்டில் ஓடி, கயிற்றில் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்தால் அந்தப் பார். திரும்பி வந்த பிறகு எத்தனையோ தரம் அதே கோட்டில் ஓடிப் பார்த்தார். ஈயத்தில் மணல்தான் ஒட்டி வந்தது. அக்கரையிலிருந்து வருகிற இழுவைப் படகுகள் கல்லையும் கிளறி அள்ளிவிட்டன என்று முடிவு கட்டினார். துறைமுகம் முழுவதும் அதே பேச்சாக இருந்ததால் வேறு விதமாக யோசிக்க வரவில்லை.

கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிற செபநாயகம் ஒரு விடியற்காலை எண்ணெய் அடிக்கிற இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சேகரண்ணை, நீங்கள் ஓடுற கோட்டுக்கு நல்லாக் கிழக்கை ஒரு பார் கிடக்கு. கல்லு எண்டால் அப்பிடிக் கல்லு. பழைய மீன்கூடு ஒண்டு இத்துப்போய் மாட்டுப்பட்டுக் கிடக்கு. பாரத்துக்கு எஞ்சின் பிளைவீலைக் கட்டி இறக்கியிருக்கிறான் ஆரோ ஒரு விசரன்."

அந்த விசரன் யாரென்று சோமசேகரத்துக்குத் தெரியும். கல்லுக் கட்டினால் நீரோட்டம் இழுத்துவிடும் என்று எஞ்சினின் கனத்த இரும்புச் சக்கரமான பிளைவீலைக் கட்டி இறக்கியவர் பிரகலாதன். ஊரே சிரித்தது.

செபநாயகம் காட்டிய இடத்துக்குப் போனார். ஈயத்தை விட்டார். அடியில் 'டக்' என்று கல்லில் பட்டது, கை கூசியது. தூண்டிலை இறக்கினதும் கலவாய் இழுத்தது. மீனைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தார். வைரவர் கோயில் நேரே தெரிந்தது. சுத்துலைற் அதன் மேலே இல்லை. கோயிலுக்கு இடது கைப்பக்கம், தள்ளித் தனியாக நின்றது.

அவர் கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். இந்தப் பாரில் நிற்கும்போது இரண்டும் ஒன்றாய் வரவேண்டும். அண்ணனோடு ஆயிரம் தரம் நின்று பார்த்த இடம். வைரவர் நடக்கமாட்டார். பாரும் நடக்காது, கல்லுக்குக் கால் இல்லை. அப்படியென்றால் நடந்தது சுத்துலைற்.

கலவாய் படகுக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. கோடு பிழையென்றால் சோமசேகரம் குழி வெட்டின இடமும் பிழை. அண்ணை எழும்பிப் போகவில்லை என்ற ஆறுதல் முதலில் வந்தது. அது வந்த வேகத்திலேயே மகாதேவியின் முகம் நினைவுக்கு வந்தது.

கரைக்கு வந்து, மீனை அப்படியே போட்டுவிட்டு, விமானத்தளத்து வேலியோரமாக நடந்தார். வேலிக்கு உள்ளே, கோபுரம் இப்போது நிற்கும் இடத்துக்கு மேற்கே நல்ல தூரத்தில், நாயுருவிப் பற்றைக்குள் நான்கு சீமெந்துக் கட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் அறுத்துவிட்ட இரும்பாணி துருத்திக்கொண்டு நின்றது. ஓடுபாதையை நீட்டியபோது கோபுரத்தை அப்படியே கழற்றிக் கிழக்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். அதே கோபுரம், அதே விளக்கு. இடம்தான் வேறு. இடம்பெயர்ந்தவர்களின் ஊரில் சுத்துலைற்றுக்கு மட்டும் அது நேராது என்று எப்படி நம்பினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்தக் கட்டைகளை மனத்தில் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கயிற்றை அந்தத் திசையில் இழுத்தார். கயிறு முடிந்த இடம் முன்பு வெட்டிய குழிக்கு மேற்கே, புது வீட்டின் அத்திவாரத்துக்கு மேசன் கட்டியிருந்த நூல்களுக்கு உள்ளே இருந்தது. பெரிய அறை. மறுநாள் நல்ல நாள் என்று கொங்கிறீற் போட இருந்தார்கள்.

மகாதேவி அங்கேதான் நின்றாள். பற்றையோடு முளைத்து வளர்ந்திருந்த வேம்பின் கீழே அடுப்பு மூட்டி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"உந்தப் பெரிய அறை அவருக்கு. கடல் காத்து வர யன்னலை வடக்கை வைக்கச் சொன்னனான்," என்றாள். பிறகு பையைத் திறந்து ஒரு சாரத்தை எடுத்தாள். புதுச் சாரம், மடிப்புக் கலையவில்லை. "சுன்னாகத்திலை எடுத்தது. பெரிய கட்டம் போட்டது எண்டால்தானே உடுப்பார். இப்ப வயசு போயிருக்கும், இந்தக் கலர் சரிவருமோ?"

சோமசேகரம் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, சரிவரும் என்றார்.

சொல்லாமல் விடலாம். அதுதான் சுகம். நாளைக்குக் கொங்கிறீற் போட்டுவிட்டால் யாரும் எதையும் தோண்டப்போவதில்லை. அண்ணி பொட்டோடு, பாட்டோடு, வடக்கு யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கும் எழுபது நெருங்குகிறது. இன்னும் எத்தனை வருடம்? ஆனால் அவளுடைய கட்டிலுக்குக் கீழே அண்ணன் கிடப்பார். வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்க ஆள் இல்லாமல், பெயர் சொல்ல ஆள் இல்லாமல், ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தம்பி வந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். அன்று பின்னேரம் வரை சோமசேகரம் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மகாதேவி அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட எழுந்தபோது, இனி வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"அண்ணி, அந்தக் குழி பிழை."

"என்ன பிழை?"

"லைற்றைக் கழட்டி வேறை இடத்திலை நட்டிருக்கிறாங்கள். முந்தி நிண்டது அங்காலை, மேற்கை. பழைய அடிக்கட்டையைக் கண்டனான். என்ரை கோடு பிழைச்சுப்போச்சு."

"அப்ப சரியான இடம் எது?"

அவர் கையை நீட்டவில்லை. கண் மட்டும் நூல் கட்டிய அறைக்குள் போனது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"நீ இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன?"

"நாளைக்குக் கொங்கிறீற் போட்டிடுவாங்கள், அண்ணி."

"அதைத்தான் கேக்கிறன். போட்டால் போடட்டும் எண்டு விட்டிருந்தால் உனக்கு என்ன?"

"அண்ணைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க வேணும். எனக்கும் வயசு போகுது. எனக்குப் பிறகு செய்ய ஆளில்லை."

மகாதேவி சாரம் கிடந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வேம்பின் வேரில் இருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. "வெட்டு," என்றாள்.

அவர் நூல்களை அறுத்துவிட்டு வெட்டத் தொடங்கினார். இடுப்பு ஆழத்துக்குப் போக முன்னரே மண்வெட்டியில் ஏதோ சிக்கியது. குனிந்து கையால் மண்ணை விலக்கினார். பச்சை நைலோன், முந்தாநாள் கடையில் வாங்கியதுபோல நிறம் மங்காமல் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒன்றும் அழியாமல் கிடந்தது அது ஒன்றுதான். அறுத்து எடுக்கக் கத்தியை எடுத்தார்.

"அறுக்காதை," என்று சொல்லிக்கொண்டு மகாதேவி சேலையைத் தூக்கிச் செருகிக் குழிக்குள் இறங்கினாள்.

அவள் கடற்காரன் பெண்சாதி. சிக்கிய வலையைப் பிரிப்பது அவளுடைய கைக்குத் தெரியும். மண்டியிட்டு, கண்ணி கண்ணியாக வேர்களிலிருந்து விடுவித்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே பச்சைக்குள் ஒரு சாண் அகலக் கிழிசலைச் சிவப்பு நூலால் பொத்தியிருந்தது. அவள் அந்த முடிச்சுகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இது நான் பொத்தினது," என்றாள். "பச்சை நூல் முடிஞ்சு போச்செண்டு சிவப்பிலை பொத்தினன். மீன் பாத்து வெருண்டு ஓடப்போகுது எண்டு அவர் பகிடி பண்ணினவர்."

மோதிரம் கேட்டவளுக்கு, சாரத்துக் கிழிசல் கேட்டவளுக்கு, அத்தாட்சி தன் கையாலேயே வந்தது. சோமசேகரம் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளைபோல விம்மினார். மகாதேவி அழவில்லை. வலையை விலக்கிய இடத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு கிட்டவோ கிடந்தனீங்கள்?" என்று கேட்டாள். பிறகு நிமிராமலே கையை நீட்டி, "தம்பி, அந்தப் பையை எடு," என்றாள்.

எலும்புகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்தாள். பெரிய கட்டம் போட்ட சாரத்தை விரித்து அதில் வைத்து, நான்கு மூலையையும் சேர்த்து முடிந்தாள்.

மறுநாள் விடிய மதுரா வந்தாள். மேசனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் கீரிமலைக்குப் போனார்கள். ஐயர் பெயர் கேட்டார். சோமசேகரம் தர்ப்பையோடு இருந்து, பிரகலாதன் என்று சத்தமாகச் சொன்னார். இத்தனை காலமும் தொண்டைக்குள் நின்ற பெயர் என்பதால் அளவுக்கு மிஞ்சிச் சத்தமாக வந்துவிட்டது. எள்ளும் தண்ணீரும் இறைத்து, கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சாரத்தின் முடிச்சை அவிழ்த்தார். அலை வந்து எடுத்துக்கொண்டது. சாரம் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது.

பெண்கள் கேணியில் மகாதேவி முழுகி எழுந்து வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. யாரும் அழித்துவிட வேண்டியிருக்கவில்லை. பொட்டு இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்து, வட்டமாக, ஒரு பழைய காயத்தின் தழும்புபோலத் தெரிந்தது. மதுரா தாயைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடுகிற சாட்டில் அப்பால் போனாள்.

ஈரத்தலையோடு கல்லில் இருந்த அண்ணிக்குப் பக்கத்தில் சோமசேகரம் போய் நின்றார்.

"நீ செய்தது சரி, தம்பி," என்றாள் அவள். "உன்னைக் குறை சொல்லேல்லை. ஆனா ஒண்டு சொல்லவேணும். அந்த வெறும் குழியைக் கண்ட நாளையிலை இருந்து நேத்துப் பின்னேரம் வரைக்கும், அப்பிடி ஒரு சந்தோசத்தை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. கலியாணம் கட்டின புதிசிலைகூடக் காணேல்லை."

அண்ணன் கரையேறிவிட்டார். அதற்குச் சோமசேகரம் கொடுத்தது அண்ணியிடம் இருந்த ஒரே பொருளை.

திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. வளவில் விட்டுவந்த சாமான்களை எடுக்க ஓட்டோவை அந்த வழியால் விடச் சொன்னார்கள். வேலிக்கு அப்பால் சுத்துலைற் எரியத் தொடங்கியிருந்தது. வெள்ளை வந்தது, பச்சை வந்தது.

"முந்தி எவடத்திலை நிண்டது?" என்று மகாதேவி கேட்டாள்.

சோமசேகரம் கையை வெளியே நீட்டி, வெளிச்சத்துக்கு மேற்கே ஒன்றுமில்லாமல் இருண்டு கிடந்த பற்றையைக் காட்டினார். ஓட்டோ வளைவில் திரும்பும்வரை அவள் எரிகிற விளக்கைப் பார்க்காமல் அந்தப் பற்றையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.